சட்டத்தில் வாழும் மொழி சந்தையிலும் வாழ வேண்டாமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு, அகில இந்திய அளவில் நடைபெற்ற மாநாடு ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் மேசையில் அமர்ந்திருந்தேன். திரிபுராவின் மலைப்பகுதியிலிருந்து வந்திருந்த பெண் தோழர் ஒருவர் வங்க மொழியில் பேசினார். அதை மற்றொரு தோழர் இந்தியில் சொல்ல, இந்தியிலிருந்து நான் தமிழில் சொன்னேன். வன நிலப் பட்டா, நிலுவையில் நின்ற வேலை உறுதித் திட்டக் கூலி, ரப்பர் விலை ஆகியவை பற்றிய பேச்சு அது. செய்தி சரியாகவே வந்து சேர்ந்தது. ஆனால் பேசியவர் அடிக்கடி நின்றார், சொல் தேடினார், ஒதுக்கிய நேரம் முடிவதற்குள்ளேயே அமர்ந்துவிட்டார்.

உணவு இடைவேளையில் அவரைச் சந்தித்து, பேச்சு நன்றாக இருந்தது என்றேன். உடனிருந்த தோழர் அதை வங்கத்தில் சொன்னார். அவர் சிரித்துவிட்டுச் சொன்ன விடை இது: “நான் பேசியதே மொழிபெயர்ப்புதான், தோழர். யோசித்தது கொக்பரோக்கில், சொன்னது வங்கத்தில். எங்கள் ஊரில் முப்பது ஆண்டுகளாகக் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. எங்களிடம் வாங்குகிறார்கள், எங்களுக்கு விற்கிறார்கள். எங்கள் மொழியில் ஒரு வாக்கியம் பேசியதில்லை. அவர்களில் நம் தோழர்களும் இருக்கிறார்கள்.” பிறகு என்னிடம் கேட்டார்: “நீங்கள் மொழிபெயர்ப்பாளர். எங்கள் மொழியில் ஒரு சொல்லாவது தெரியுமா?”

எனக்கு ஒன்றும் தெரியாது. தமிழில் முதுகலைப் பட்டமும், மொழியுரிமை பற்றிய எத்தனையோ தீர்மானங்களை மொழிபெயர்த்த அனுபவமும் உள்ள எனக்கு, நாட்டின் பத்து லட்சம் உழைக்கும் மக்கள் பேசும் ஒரு மொழியில் தண்ணீர் என்று கேட்கத் தெரியவில்லை.

அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். சிறுபான்மை மொழிகளுக்குச் சட்டத்தில் இடம் கேட்பதில் நாம் முன்நிற்கிறோம். அம்மொழிகளை நாமே கற்று, அன்றாட வாழ்வில் வாய் திறந்து பேசுவதில் பின்தங்கி நிற்கிறோம். இரண்டாவதைச் செய்யாதவரை முதலாவது அரைப் பணியாகவே நிற்கும்.

1979 தந்ததும் தராததும்

கொக்பரோக் திபெத்திய-பர்மிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. போடோ, காரோ மொழிகளுக்கு உறவானது. ‘கொக்’ என்றால் மொழி. ‘பரோக்’ என்றால் மக்கள். பெயரே மக்கள் மொழி என்றுதான் பொருள்படுகிறது. 1900ஆம் ஆண்டிலேயே ராதாமோகன் தாக்கூர் இதற்கு இலக்கணம் எழுதி வெளியிட்டார். எனினும் மன்னராட்சியில் அரண்மனையின் மொழியும் அலுவலகத்தின் மொழியும் வங்கமாகவே இருந்தன. தன் குடிகளின் தாய்மொழியை அரசு தன் வாயிற்படியிலேயே நிறுத்தியிருந்தது.

இந்த நிலையை எதிர்த்த முதல் பெரும் அமைப்பு நம் இயக்கத்தின் வரலாற்றோடு இணைந்தது. 1945 டிசம்பரில் தசரத் தேவ், சுதன்வா தேவ்வர்மா முதலிய இளைஞர்கள் ஜன சிக்ஷா சமிதியைத் தொடங்கினர். சில ஆண்டுகளிலேயே மலைக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான பள்ளிகள் எழுந்தன. எழுத்தறிவுக்காகத் தொடங்கிய அமைப்பிலிருந்தே 1948இல் கணமுக்தி பரிஷத் பிறந்தது. பின்னாளில் மாநிலத்தின் முதல் பழங்குடி முதலமைச்சராக 1993இல் பதவியேற்றவர் அதே தசரத் தேவ். சட்டப்பேரவைத் தலைவராக இருந்த சுதன்வா தேவ்வர்மாவோ கொக்பரோக் மொழியில் நாவல் எழுதியவர். கல்வி, மொழி, நிலம், அரசியல் ஆகியவற்றைத் தனித்தனி அறைகளில் வைத்துப் பார்க்காத தலைமுறை அது.

நிருபேன் சக்கரவர்த்தி தலைமையிலான இடது முன்னணி அரசு, 1979 ஜனவரி 19 அன்று கொக்பரோக்கை மாநில ஆட்சிமொழிகளில் ஒன்றாக அறிவித்தது. இன்றும் அந்நாள் கொக்பரோக் நாளாகக் கொண்டாடப்படுகிறது. பழங்குடி மக்களுக்குத் தன்னாட்சி மாவட்டக் கவுன்சில் அமைந்தது. 1985 முதல் அது அரசியல் சட்டத்தின் ஆறாம் அட்டவணையின் கீழ் இயங்குகிறது. இவை பெரும் போராட்டங்களின் பயன்கள்; எவரும் இலவசமாகத் தந்தவை அல்ல.

ஆனால் ஆட்சிமொழி என்னும் தகுதி அரசாணைக்கு வலிமை தரும்; பேருந்து நடத்துநரின் நாக்குக்கு வலிமை தராது. மருத்துவமனைச் சீட்டு எழுதும் மேசையில், வங்கிக் கவுண்டரில், காவல் நிலையத்தில், வாரச் சந்தையில் கொக்பரோக் பேசுபவரே மொழி மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதிரில் இருப்பவர் மாற்றிக்கொள்வதில்லை. அரசு அறிவித்துப் பல பத்தாண்டுகள் கடந்த பின்னும் இந்தப் போக்குவரத்து ஒருவழிப் பாதையாகவே இருக்கிறதென்றால், குறை அரசாணையில் இல்லை. நம் பழக்கத்தில் இருக்கிறது.

“எல்லோருக்கும் வங்கம் புரிகிறதே”

இப்படிச் சொன்னால் உடனே ஒரு விடை வரும். “அங்கே எல்லோருக்கும் வங்கம் புரிகிறது, வேலை நடக்கிறது, வர்க்கப் போராட்டத்தின் நடுவில் இந்தப் பிரச்சினையை ஏன் கிளப்ப வேண்டும்?” என்பார்கள். நல்ல தோழர்களே இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனவே இதற்கு நேராக விடை சொல்ல வேண்டும்.

புரிகிறது என்பது உண்மை. அந்தப் புரிதலுக்கு உழைத்தவர் யார்? மலைக் கிராமத்தின் விவசாயக் கூலித் தொழிலாளி தன் மொழியோடு வங்கமும் கற்கிறார். அவருடைய பிள்ளை ஆங்கிலமும் இந்தியும் கற்கிறது. அவர் வாசலில் காய்கறி வாங்குபவர் தம் ஒரு மொழியோடு நிம்மதியாக இருக்கிறார். இரு தரப்புக்கும் பயன்படும் ஓர் உழைப்பை எளியவரே முழுக்கச் சுமக்கிறார். கூலியின்றி வாங்கப்படும் உழைப்பைக் கண்டால் மற்ற இடங்களில் நாம் என்ன பெயர் சொல்வோம் என்பதைத் தோழர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

மேலும், புரிவது வேறு, மனம் திறந்து பேசுவது வேறு. கந்துவட்டிக்காரன் மீது புகார் சொல்லும்போதும், கணவனின் குடியைப் பற்றிச் சொல்லும்போதும், கிளைக் கூட்டத்தில் தலைமையை விமர்சிக்கும்போதும் மனிதருக்குத் தாய்மொழி தேவைப்படுகிறது. இரண்டாம் மொழியில் பேசுபவர் தமக்குத் தெரிந்த சொற்களின் எல்லைக்குள் தம் கருத்தைச் சுருக்கிக்கொள்கிறார். அந்தப் பெண் தோழர் நேரம் முடியுமுன் அமர்ந்தது நினைவுக்கு வருகிறது. சொல்ல வந்தது தீரவில்லை, சொல் தீர்ந்தது. உட்கட்சி ஜனநாயகம் என்று நாம் சொல்வது எந்த மொழியில் நடக்கிறது என்பதும் அதன் அளவுகோல்களில் ஒன்று.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வங்க மொழி பேசும் மக்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவர்களில் பெரும்பாலோர் பிரிவினையால் வீடிழந்து, கிழக்கு பாகிஸ்தானிலிருந்து ஏதிலிகளாக வந்த ஏழைகளின் வழித்தோன்றல்கள். அந்த வருகையால் பழங்குடி மக்கள் தம் சொந்த மண்ணில் சிறுபான்மையினராயினர் என்பதும் வரலாறே. 2011 கணக்கெடுப்பின்படி அவர்கள் மாநில மக்கள்தொகையில் 32 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. இருவரும் பேரரசியலால் பாதிக்கப்பட்டவர்கள். 1952இல் டாக்காவிலும், 1961 மே 19 அன்று அசாமின் சில்சாரிலும் தாய்மொழிக்காக உயிர் தந்தது வங்க மொழியினர்தான். இன்று வேலை தேடிப் பிற மாநிலங்களுக்குச் செல்லும் வங்க மொழித் தொழிலாளர்கள், பேசும் மொழிக்காகவே அந்நியர் என்று துரத்தப்படுகிறார்கள். மொழியின் வலி தெரிந்தவர்கள் அடுத்தவர் மொழிக்கு நாக்கைத் தருவது இயல்பாக வர வேண்டும். வரவில்லையென்றால் வரச் செய்வது இயக்கத்தின் கடமை.

லெனின் கேட்டது

தேசிய இனப் பிரச்சினையில் லெனினின் இரு நிலைப்பாடுகளை நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். 1914இல் அவர் கட்டாய அரசு மொழியை எதிர்த்து எழுதினார். எந்த மொழிக்கும் தனிச் சலுகை கூடாது என்றார். இதை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். 1922 டிசம்பர் இறுதியில், நோய்ப்படுக்கையிலிருந்து சொல்லி எழுதவைத்த குறிப்புகளில் இன்னும் மேலே சென்றார். ஒடுக்கும் பெரிய தேசத்தைச் சேர்ந்தவர்களுக்கு வெறும் சமத்துவம் பேசுவது போதாது. வாழ்வில் நிலவும் சமமின்மையை ஈடு செய்யும் அளவுக்கு அவர்கள் கூடுதல் சுமையை ஏற்க வேண்டும் என்பது அக்குறிப்புகளின் சாரம். ரஷ்யரல்லாத குடியரசுகளில் அந்தந்த மொழியின் பயன்பாட்டுக்குக் கண்டிப்பான விதிகள் வேண்டும், அவை நடைமுறையில் பின்பற்றப்படுகின்றனவா என்று தனிக் கவனத்தோடு சரிபார்க்கவும் வேண்டும் என்றார். விதியோடு நிற்காமல் சரிபார்ப்பையும் கேட்டதில் அவருடைய நடைமுறை அறிவு தெரிகிறது.

1923இல் பன்னிரண்டாவது கட்சிக் காங்கிரஸ் அந்தந்தத் தேசிய இனத்தின் மொழியையும் ஊழியர்களையும் வளர்க்கும் கொள்கையை ஏற்றது. உக்ரைனில் அரசு ஊழியர்கள் உக்ரைனிய மொழி கற்க வகுப்புகள் நடந்தன, தேர்வுகள் நடந்தன. வகுப்பில் தேறிய பலர் மேசைக்குத் திரும்பியதும் ரஷ்ய மொழியிலேயே பேசினர். மொழியை அறிந்தவர் எண்ணிக்கை கூடியது. நகர அலுவலகங்களில் அதைப் பேசியவர் எண்ணிக்கை அந்த வேகத்தில் கூடவில்லை. பிறகு கொள்கையே பின்வாங்கியது. 1938இல் ரஷ்ய மொழி எல்லாக் குடியரசுகளின் பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாயிற்று. பெரியவர்கள் கற்பதையும் பேசுவதையும் ஒன்றென எண்ணியதன் விலையை அந்த அனுபவம் காட்டுகிறது. வகுப்பறையும் சான்றிதழும் தொடக்கம் மட்டுமே.

வாய் திறக்காத மாணவர்

இதை என் அனுபவத்திலும் கண்டேன். அந்த மாநாட்டுக்குப் பின் கொக்பரோக் கற்கத் தொடங்கினேன். தண்ணீரைக் குறிக்கும் அவர்களுடைய சொல்லில் ஓர் உயிரொலி வருகிறது. உதடு குவியாமல் ஒலிக்கும் உகரம் அது. வங்க எழுத்தில் அதற்குத் தனி வடிவம் இல்லை. ரோமன் எழுத்தில் எழுதுவோர் வேறோர் எழுத்தைக் கடன் வாங்குகிறார்கள். தமிழருக்கோ அது அயலானதன்று. ‘காடு’, ‘பாட்டு’ என்று சொல்லும்போது இறுதியில் நம் வாயில் ஒலிக்கும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கியது. தொல்காப்பியம் படித்த எனக்கு இந்த ஒற்றுமை தந்த மகிழ்ச்சியில் சில மாதங்கள் ஏட்டிலேயே கழிந்தன. இரு நிலையாக ஏறி இறங்கும் தொனியைப் பற்றியும் குறிப்பெடுத்தேன். ஒரு மனிதரிடமும் பேசவில்லை.

நான் தங்கியிருக்கும் நகரில் உணவகம் ஒன்றில் வேலை செய்யும் திரிபுரா இளைஞர் ஒருவர் அறிமுகமானார். ஒருநாள் துணிந்து அவர் மொழியில் தண்ணீர் கேட்டேன். அவர் திகைத்தார், சிரித்தார், இந்தியில் விடை சொன்னார். நானும் வெட்கத்தோடு இந்திக்குத் தாவிவிட்டேன். அடுத்த இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. ஐம்பது வயதைக் கடந்தவர், நாலு பேர் மதிக்கும் இடத்தில் இருப்பவர், குழந்தையைப் போல் உளற நேர்வது தன்மானத்தைத் தொடும் விஷயம். பெரியவர்கள் மொழி கற்று நிறுத்திவிடுவதற்கு இலக்கணக் கடினத்தைவிட இந்த வெட்கமே பெரிய காரணம் என்று இப்போது நம்புகிறேன்.

மீண்டும் சென்றபோது அவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: நான் எவ்வளவு தவறாகப் பேசினாலும் நீங்கள் இந்திக்கு மாறாதீர்கள். அவர் ஒத்துக்கொண்டார். அதன் பின்தான் கற்றது நாவில் ஏறத் தொடங்கியது. இன்றும் பிழையோடுதான் பேசுகிறேன். ஆனால் அவர் தன் ஊரைப் பற்றியும், வேலை நேரத்தைப் பற்றியும், முதலாளி பிடித்துக்கொண்ட சம்பளத்தைப் பற்றியும் என்னிடம் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகே. அதுவரை இந்தியில் அவர் என்னிடம் சொன்னதெல்லாம் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்பது மட்டும்தான்.

இது தனி மனிதச் சிக்கல் அன்று. ஸ்பெயின் அரசின் கீழ் நெடுங்காலம் ஒடுக்கப்பட்ட பாஸ்க் மொழியினர் இதற்கென்றே ஓர் இயக்கம் கண்டனர். 2018இல் தொடங்கிய அவ்வியக்கத்தில், பதினொரு நாள்கள், பதினாறு வயதுக்கு மேற்பட்டோர் சட்டையில் சின்னம் அணிந்தார்கள். ஒரு சின்னம், இவர் எங்கும் பாஸ்க் மொழியில் பேசுவார் என்று சொல்லும். மற்றொன்று, இவருக்குக் கேட்டுப் புரியும், எனவே இவரிடம் பாஸ்க் மொழியிலேயே பேசுங்கள் என்று சொல்லும். சரளமாகப் பேச முடியாதவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதே கவனிக்கத்தக்கது. பழக்கத்தை மாற்ற இரு தரப்பும் வெளிப்படையாக உடன்பட வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

நாம் விட்ட இடத்தில் யார் நிற்கிறார்கள்

இப்பணியை நாம் ஒத்திப்போடும்போது களம் காலியாக இருப்பதில்லை. 2022 ஏப்ரலில் ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, வடகிழக்கின் எட்டு மாநிலங்களில் 22,000 இந்தி ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டதாகவும், அங்கு பத்தாம் வகுப்பு வரை இந்தியைக் கட்டாயமாக்க அரசுகள் இசைந்திருப்பதாகவும், ஒன்பது பழங்குடிச் சமூகங்கள் தம் மொழிகளைத் தேவநாகரி எழுத்துக்கு மாற்றிவிட்டதாகவும் அறிவித்தார். எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன; கொக்பரோக் இன்னும் அதில் இல்லை. அரசியல் நிர்ணய சபையிலேயே ஜெய்பால் சிங் முண்டா ஆதிவாசி மொழிகளுக்கு இடம் கேட்டார். கிடைக்கவில்லை. சந்தாலியும் போடோவும் அட்டவணையில் ஏறுவதற்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மறுபுறம் அடையாள அரசியல். தன்னாட்சிக் கவுன்சில் தேர்தலில் 2015இல் 28 இடங்களையும் வென்ற இடது முன்னணி, 2021இல் ஓரிடமும் பெறவில்லை. திப்ரா மோத்தா வென்றது. இத்தோல்விக்கு மொழியே காரணம் என்று சொன்னால் அது எளிமைப்படுத்தல். ஆட்சி அதிகாரம், பணம், வன்முறை எனக் காரணங்கள் பல. ஆனால் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. பள்ளிகள் திறந்தவர்கள், ஆட்சிமொழித் தகுதி தந்தவர்கள், கவுன்சில் அமைத்தவர்கள் நாம். “அவர்கள் நம்மவர்கள் அல்லர்” என்ற பிரச்சாரம் எப்படி எடுபட்டது? ஒரு வீட்டுக்குச் சென்று அவ்வீட்டின் மொழியில் நலம் விசாரிக்கத் தெரிந்தவனை நோக்கி அச்சொல்லைச் சொல்வது கடினம்.

அடையாள அரசியல் மொழியைப் பிறப்போடு கட்டுகிறது. பரோக் குடியில் பிறந்தவருக்கே கொக்பரோக் உரியது என்கிறது. பெருமொழி ஆணவமும் நடைமுறையில் அதே முடிவுக்குத்தான் வருகிறது: அது அவர்கள் மொழி, எனக்கெதற்கு என்கிறது. கற்றவர் எவருக்கும் உரியது மொழி என்று வாழ்ந்து காட்டுவதே இவ்விரண்டுக்கும் நாம் தரக்கூடிய விடை.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, பழங்குடி மக்கள் வாழும் பகுதிகளில் பணியாற்றும் பிறமொழித் தோழர்கள் அப்பகுதி மொழியைக் கற்பது பணியின் ஒரு பகுதியாகக் கொள்ளப்பட வேண்டும். கற்றதற்குச் சான்றிதழ் கேட்க வேண்டாம். எந்த இடத்தில், எத்தனை பேரிடம் பேசினார் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவதாக, அப்பகுதிக் கிளைக் கூட்டங்கள் முதலில் அம்மக்களின் மொழியில் நடந்து, தேவைப்படுபவருக்காக வங்கத்தில் சொல்லப்பட வேண்டும். இன்றைய வழக்கம் இதற்கு நேர்மாறானது. மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கும் அனுபவம் ஒருமுறை நமக்கும் வாய்க்கட்டும். துண்டறிக்கைகளும் அம்மொழியிலேயே முதலில் எழுதப்படட்டும். வேறு மொழியில் எழுதி மாற்றிய அறிக்கையில் எங்கோ ஓர் இடத்தில் அலுவலக வாடை வீசும் என்பதை மொழிபெயர்ப்பாளனாகவே சொல்கிறேன்.

மூன்றாவதாக, கற்கத் தொடங்கியவர் எல்லா இடத்திலும் பேச முயன்று சோர வேண்டியதில்லை. ஒரு தேநீர்க் கடை, ஒரு சந்தை நாள், ஒரு நண்பர் என்று தேர்ந்துகொண்டு, அங்கே மட்டும் மாறாமல் பேசலாம். அரிசியும் எண்ணும் விலையும் நலமும் விசாரிக்கும் அளவுக்குச் சில நூறு சொற்கள் போதும்.

நான்காவதாக, தாய்மொழியாளரான தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிழையாகப் பேசுபவரிடம் வங்கத்துக்கோ இந்திக்கோ மாறாதீர்கள். அது கனிவால் செய்வது என்று அறிவோம்; ஆயினும் அந்தக் கனிவு கற்பவரை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அகர்தலாவிலும் வெளிமாநிலங்களிலும் வளர்ந்து தாய்மொழியைப் பாதி மறந்த உங்கள் பிள்ளைகளிடமும் இதே பொறுமை வேண்டும். அவர்களுடைய தடுமாற்றத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வாய் மூடிக்கொள்கிறது.

ஐந்தாவதாக, வங்க எழுத்தா, ரோமன் எழுத்தா என்ற விவாதத்தை அம்மொழியினர் ஜனநாயக முறையில் முடிவு செய்யட்டும். முடிவு வரும்வரை பேசுவதற்குத் தடையேதும் இல்லை. நாக்குக்கு லிபி கிடையாது.

நம்மிடம் திரும்பும் கேள்வி

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இந்தித் திணிப்பை எதிர்த்த வரலாறு நமக்குப் பெருமை. அந்த வரலாறு நம்மை எப்போதும் ஒடுக்கப்பட்ட மொழியின் இருக்கையிலேயே அமர்த்திவிடுகிறது. நீலகிரியில் தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும், சத்தியமங்கலம் மலைகளில் சோளகரும் இருக்கிறார்கள். அங்கே பெருமொழி தமிழ்; மொழி மாற்றிக்கொள்ளும் உழைப்பை நாம் அவர்களிடமிருந்து வாங்குகிறோம். அவர்களிடையே நிலவுரிமைக்காகப் பல ஆண்டுகள் பணியாற்றிய தோழர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்: அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவர்கள் மொழியில், எத்தனை வாக்கியம் பேசியிருக்கிறோம்? இச்சிறு மொழிகளில் சிலவற்றைப் பேசுவோர் சில ஆயிரம் பேர் மட்டுமே. அங்கே ஒரு தோழர் கற்றுப் பேசினாலும் அது எண்ணிக்கையில் தெரியும்.

அந்தப் பெண் தோழரை மீண்டும் ஒரு கூட்டத்தில் சந்திக்கக்கூடும். பேசும் நேரம் வரும்போது அவர் கொக்பரோக்கில் பேசட்டும். அதை நேராகத் தமிழில் சொல்லும் அளவுக்கு நான் இன்னும் தேறவில்லை. ஆனால் “தோழர், உங்கள் மொழியிலேயே பேசுங்கள்” என்று அவர் மொழியிலேயே சொல்ல இப்போது என்னால் முடியும். இந்த அளவுக்காவது ஒவ்வொரு தோழரும் தம் அருகிலுள்ள ஒரு சிறு மொழியைக் கற்கலாம். கற்றதை அன்றே ஒருவரிடம் பேசிப் பார்க்கலாம்.